கிழக்கே கடல் உள்ள வீடு

மே 6, செவ்வாய்

இன்று ஒரு சின்னப் பிழை செய்தேன். வகுப்புக்கு வரைந்த வீட்டுப் படத்தின் ஓரத்தில் நான்கு எல்லைகளையும் எழுத வேண்டும். வடக்கே தெரு, தெற்கே நூல் கிட்டங்கி, மேற்கே பொதுச் சந்து என்று சரியாக எழுதியவள், கிழக்கே என்ற இடத்தில் 'கடல்' என்று எழுதியிருக்கிறேன்.

எழுதியது நினைவில்லை. கையெழுத்து என்னுடையதுதான்.

இசக்கித்துரை சார் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா ஃபஹீமா, சங்கரன்கோயிலுக்கு எப்பம்மா கடல் வந்துச்சு? எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லயே."

வகுப்பே சிரித்தது. பக்கத்தில் இருந்த பொன்செல்வி என் காதுக்குள், "ஏட்டி, நாளைக்கு வரும்போது எனக்கு நாலு நண்டு புடிச்சிட்டு வா," என்றாள்.

சார் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அளவு தப்புனா அழிச்சு எழுதிரலாம். எல்லை தப்புனா கோர்ட்டுக்குப் போகணும். போய் நல்லாப் பாத்துட்டு வா," என்றார்.

காலையில் வீட்டில் இருந்து தறிகளுக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறேன். மாலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கட்டடப் படம் வரையும் வகுப்பு. முதலில் கையால் வரைந்து பழகிய பிறகுதான் கம்ப்யூட்டரைத் தொடவிடுவார்கள். நிஜமான ஒரு பழைய வீட்டை அளந்து வரைந்து வரச் சொன்னார்கள். நான் எடுத்தது என் ராத்தா, கூடப்பிறந்த அக்கா ஷமீரா வாழ்க்கைப்பட்ட வீடு. ஊரிலேயே அழகான வீடு அதுதான். பர்மாத் தேக்குத் தூண்கள், பூ வேலை செய்த இரும்புக் கைப்பிடி போட்ட படி, மேல் மாடியில் கிழக்குப் பார்த்து வரிசையாக உயரமான ஜன்னல்கள், ஒவ்வொன்றின் தலையிலும் அரைவட்டமாக நீலமும் பச்சையுமாய்க் கண்ணாடி. ரோட்டில் போகிறவர்கள் நின்று போட்டோ எடுப்பார்கள்.

நான் அதை எடுத்ததற்கு அழகு காரணமில்லை. ராத்தாவைப் பார்க்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அவள் கணவர், ரியாஸ் மச்சான், சவூதியில் தம்மாமில் இருக்கிறார். ராத்தாவுக்கு இது ஏழாவது மாதம். கல்யாணத்துக்குப் பிறகு அவள் நம் வீட்டுக்கு ஒரு பெருநாளுக்கு மட்டும்தான் வந்தாள். கேட்டால் அவளுடைய மாமியார் ஷரீபா பீவி, "அவளுக்கு மேல் மாடி பிடிச்சுப்போச்சு. இறங்கவே மாட்டேங்கா," என்கிறார்.

எல்லையை அழித்துத் திருத்தினேன். கிழக்கே: தறிக்கூடம்.

மே 8, வியாழன்

இன்று மேல் மாடியை அளந்தேன்.

கிழக்குச் சுவரில் தரையிலிருந்து என் முழங்கால் உயரம் வரை சுண்ணாம்புப் பூச்சு உப்புப் பூத்து நிற்கிறது. அதன் மேல் விளிம்பு, பென்சிலால் கோடு போட்டதுபோல் நேராக ஓடுகிறது. சுவர் உப்புப் பூப்பது எனக்குத் தெரியும். மண்ணிலிருந்து ஈரம் ஏறும், காயும்போது வெள்ளை படியும். வகுப்பில் முதல் வாரமே சொன்னார்கள். ஆனால் அது தரைத்தளத்துச் சுவரில். கீழே போய்ப் பார்த்தேன். கீழ்ச்சுவர் எலும்பாய்க் காய்ந்திருக்கிறது.

நான்தான் ஏதோ தவறாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். சாரிடம் கேட்க வேண்டும்.

ராத்தா முதல் ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. தலைமுடி நனைந்து கழுத்தோடு ஒட்டியிருந்தது.

"இந்நேரத்துல குளிச்சியா?"

"இல்ல."

"பெறகு தலை ஏன் ஈரமா இருக்கு?"

அவள் தொட்டுப் பார்த்தாள். "ஆமா, என்ன?" என்றாள், வேறு யாருடைய தலையைப் பற்றியோ பேசுகிறவள்போல.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். தறிக்கூடத்தின் சிமெண்டு ஓடு. அதற்கு அப்பால் தண்ணீர் டேங்க். அதற்கும் அப்பால் குருவிகுளம் பக்கத்துக் கரிசல், வெயிலில் வெடித்துக் கிடந்தது. தறிச் சத்தத்தில் வீடு மொத்தமும் ஒரே சீராக அதிர்ந்துகொண்டிருந்தது. ராத்தாவும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் கண் எதிலும் நிற்கவில்லை. தொலைவில் அசைகிற ஒன்றைப் பின்தொடர்கிற மாதிரி, மெல்லப் போய் மெல்லத் திரும்பியது.

"என்னத்தப் பாக்க?"

"இப்பம் இறங்கியிருக்கு," என்றாள். "அஸர் தொழுகைக்கு மேல ஏறும்."

எனக்குக் கோபம் வந்தது. பயம் வரும்போது எனக்குக் கோபம்தான் முதலில் வரும். "ஏன் இப்படிப் பேசுத? நம்ம வீட்டுக்கு வா. தலைப்பிரசவம் உம்மா வீட்டுலதானே."

அவள் இருமினாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் ஒழுகியது. சளியில்லை, எச்சிலும் இல்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டு, "மாமி விடமாட்டாங்க," என்றாள்.

டாக்டர் நெஞ்சில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாராம். அதை எழுதி வைக்கிறேன். ஒன்றுமில்லை.

மே 12, திங்கள்

இதை அவசரப்படாமல் எழுத வேண்டும்.

இன்று பராமரிப்புக்காக ஊர் முழுவதும் கரண்டு கிடையாது. மதியம் நான் போகும்போது ஒரு தறியும் ஓடவில்லை. இந்த ஊரில் பிறந்தவர்களுக்குத் தறிச் சத்தம் சத்தமே இல்லை. அது நின்றால்தான் காதில் விழும். தெருவில் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

மாமி கீழ்வாசலில் மீன்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "இது நேத்துப் பிடிச்ச மத்தி மீனுல்லாவே! கண்ணைப் பாரு, உம்மைவிடத் தூக்கத்துல இருக்கு."

நான் படியேறினேன்.

பாதிப் படியிலேயே வாடை வந்தது. மீன்காரருடைய கூடை என்று நினைத்தேன். மேலே போகப் போக அது மீன் வாடையாக இல்லை. பாசி. ஊறிய கயிறு. ரொம்ப நேரம் தண்ணீருக்குள் கிடந்த மரம்.

வெயிலுக்காக ஜன்னல்களின் பலகைகளைச் சாத்தியிருந்தார்கள். பலகை இடுக்குகளில் மட்டும் வெளிச்சம். அந்த வெளிச்சம் தரையில் விழவில்லை. உத்தரத்தில் விழுந்தது.

அசைந்தது.

கிணற்றுத் தண்ணீரில் வெயில் பட்டால் சுற்றுச்சுவரில் ஒளி நெளியும், அதைப் பார்த்திருக்கிறேன். அதே நெளிவு. கூடத்தின் நீளத்துக்கும், உத்தரம் முழுவதும், ஒளி வலை வலையாக விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது.

பிறகு கேட்டது.

ஒன்று வந்து விழுந்து, சரிந்து, கற்களை இழுத்துக்கொண்டு பின்வாங்கிப் போகிற சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும்.

திருச்செந்தூரில் ஒருதடவை கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரியாத சத்தமில்லை.

ராத்தா நாற்காலியில் இருந்தாள். கண் மூடியிருந்தது. அந்தச் சத்தம் பின்வாங்கும்போது அவள் மூச்சை விட்டாள், வரும்போது இழுத்தாள்.

கடைசி ஜன்னலருகே மாமி நின்றிருந்தார். முதுகுதான் தெரிந்தது. வெள்ளைத் துப்பட்டி தலையிலிருந்து கணுக்கால் வரை. அதன் கீழ் விளிம்பு ஈரத்தில் கறுத்துக் காலோடு ஒட்டியிருந்தது. மனசுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"மாமி, கரண்டு எப்பம் வருமாம்?" என்றேன்.

கீழ்வாசலிலிருந்து மாமியின் குரல் வந்தது. "தலைய வெட்டாமக் குடும்வே, ஆணம் காய்ச்ச வேணும்."

நான் அசையவில்லை.

துப்பட்டி அசைந்தது. திரும்பவில்லை. தலை மட்டும் லேசாகச் சாய்ந்தது, பின்னால் யார் வந்திருக்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்பதுபோல.

அது கேட்டது என்னைத்தான். அதை எப்படி அறிந்தேன் என்று எழுதத் தெரியவில்லை.

ராத்தாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. கை ஈரமாக, குளிர்ந்து, கனமாக இருந்தது. அவளை அங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் இறங்கி ஓடினேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தேன். காலையில் பளபளவென்று இருந்த இரும்பு அளவு டேப் முழுவதும் துருப்பிடித்துச் சுருளோடு ஒட்டிக்கிடக்கிறது.

மே 13, செவ்வாய்

மாமியிடமே கேட்டுவிடலாம் என்று போனேன். அவர் அடுக்களையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தத் தைரியத்தில்தான் கேட்டேன்.

"நேத்து மேல யாரு மாமி இருந்தா?"

"ஒங்க ராத்தா."

"அவளைத் தவிர."

மாமியின் விரல் நிற்கவில்லை. "பாத்துட்டியா?" என்றார். "நான் வாழ வந்து ஒரு வருசம் கழிச்சுத்தான் பாத்தேன். நீ கெட்டிக்காரி."

நான் எதிர்பார்த்தது திட்டு. இல்லையென்றால் சிரிப்பு. இந்த நிதானத்துக்கு நான் தயாராக இல்லை.

"ஆயிஷம்மாள்னு பேரு. எங்க வீட்டுக்காரருக்குப் பாட்டி. காயல்பட்டினத்துப் பிள்ளை. அந்த ஊர்ல பொம்பளப் பிள்ளைய வீட்டை விட்டு அனுப்பமாட்டாங்க. உம்மா வீடு மகளுக்கு. மாப்பிள்ளைதான் அங்கன போகணும். அவ மாப்பிள்ள மைதீன் பாட்சாவும் போனாரு. வியாபாரத்துல கெட்டி. ஆனா இங்கன உள்ளவன் வீட்டோட மாப்பிள்ளைன்னு கேலி பேசுனான். ரோசம் வந்துட்டு. இங்கன உள்ள வைத்தியர்ட்ட மருந்து வாங்கிட்டு நாலு நாள்ல வந்துருவோம்னு பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்தாரு. அவ்வளவுதான். திரும்பிப் போகல."

"அவங்க வீட்டுல கேக்கலயா?"

"ஆம்பிள ஒருத்தன் பொண்டாட்டியத் தன் வீட்டுல வச்சிருந்தா யாரு என்னன்னு கேப்பா? அழுதுக்கிட்டே இருந்தா. சரி, அவ உம்மா வீட்டை மாதிரியே ஒண்ணு கட்டுதேன்னு கட்டுனாரு. அதே தூணு. அதே படி. அவ வீட்டு மச்சுல இருந்து பாத்தா கடலு. அதே மாதிரி கிழக்குப் பாக்க ஜன்னல். எல்லாத்தையும் கொண்டாந்து வச்சாரு. கடலை மட்டும் வைக்க முடியல."

மாமி பூண்டுத் தோலை ஊதினார்.

"அதை அவளே வரவழைச்சுக்கிட்டா."

செத்த கதையையும் சொன்னார். நாலைந்து வருடம் மழையே பெய்யாத காலம். ஊர்க் கிணறெல்லாம் வற்றிப்போய், குடிக்கிற தண்ணீரை வண்டியில் வாங்கிய கோடை. ஆயிஷம்மாள் ஜன்னலோரத்து நாற்காலியிலேயே இறந்து கிடந்தாள். மய்யித்தைக் குளிப்பாட்ட வந்த பெண்கள் திகைத்துப் போனார்களாம். துடைக்கத் துடைக்க வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஒருத்தி விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. கஃபன் துணி ஊறி, மாற்றி, மறுபடி ஊறி, கடைசியில் ஈரத்தோடுதான் எடுத்துக்கொண்டு போனார்கள்.

"இந்த வீட்டு மூத்த மருமகளுக்கு மேல் மாடி. அவளுக்குப் பெறகு எல்லாருக்கும் அப்படித்தான். ஒருத்தி மேல இருந்தா மத்தவங்க கீழ நல்லா இருக்கலாம். ஒருதடவ பூட்டிப் போட்டுப் பாத்தோம். கீழ வந்துட்டு."

"எது?"

"தண்ணி. என் மூத்தது பொண்ணு. தொட்டில்ல மூச்சில்லாமக் கிடந்துது." அவர் பூண்டை எண்ணெய்யில் போட்டார். கரண்டியால் ஒருதடவை கிளறினார். "தொட்டில் நனையவே இல்ல."

"ராத்தா பிள்ளை பெறணும் மாமி. அவளை அனுப்புங்க."

"அனுப்புதேன். யாரு வேண்டாங்கா? ஆனா மேல ஆள் இல்லாம வீடு இருக்கக்கூடாது. எனக்கு இனிமே அதுக்குத் தெம்பு இல்ல." முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவ பிள்ளை பெத்து வார வரைக்கும் நீ வந்து இருக்கியா?"

மே 16, வெள்ளி

மூன்று நாளாக யோசித்தேன். யோசித்தேன் என்றால், ஒரே இடத்தில் சுற்றினேன்.

வாப்பாவிடம் முழுவதையும் சொன்னேன். ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சோற்றுக்கு முன் உட்கார்ந்திருந்தார். கேட்டு முடித்துவிட்டு, "அவ்வளவு பெரிய வீட்டுல ஒரு சீதனமும் வாங்காமக் கட்டிக்கிட்டுப் போயிருக்காங்க. நீ போய்க் கதை பேசிட்டு வராத," என்றார்.

"கதை இல்ல வாப்பா."

"வயித்துப் பிள்ளைக்காரிக்கு ஆயிரம் தோணும். ஒனக்கு என்ன வந்துச்சு?"

உம்மா அடுக்களையிலேயே நின்றுகொண்டாள். அவள் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். நம்பியதால்தான் வெளியே வரவில்லை.

மச்சானுக்குப் போன் போட்டோம். ஸ்பீக்கரில் வைத்தார் வாப்பா. ரியாஸ் மச்சான் பின்னால் ஏதோ மெஷின் ஓடியது. "எங்க உம்மா பேச்சை மீறி அவ படி இறங்கினா, அப்படியே உங்க வீட்டுலயே இருக்கட்டும் மாமா. நான் வேற ஒண்ணும் சொல்லல." வாப்பா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இல்ல மாப்பிள்ள, அப்படியெல்லாம் இல்ல மாப்பிள்ள," என்றார். அந்த வளைந்த முதுகை நான் பார்த்திருக்கவே கூடாது.

அதற்குப் பிறகு மாமி சொன்ன ஏற்பாட்டைச் சொன்னேன். வாப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. "இதுல என்ன? நல்ல விசயந்தானே. நீயும் அங்கன இருந்து ஒன் படத்தை முடிச்சுக்கோ." அடுக்களையில் உம்மா கையிலிருந்து ஒரு பாத்திரம் கீழே விழுந்தது.

நான் ஒத்துக்கொண்டேன். பாசத்தால் மட்டும் என்று எழுதினால் பொய். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அது பிடிப்பது அந்த வீட்டு மருமகளை. நான் அந்த வீட்டு மருமகள் இல்லை. விருந்தாளி. எனக்கும் ஆயிஷம்மாளுக்கும் எந்த உறவும் கிடையாது. ஆகவே என்னைத் தொட அதற்கு நியாயம் இல்லை.

இரண்டு முறை சரிபார்த்தேன். தவறு தெரியவில்லை.

மே 18, ஞாயிறு

இன்று ராத்தாவை அழைத்து வந்துவிட்டோம்.

மதியம் வாப்பா கார் பிடித்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை, தறி ஓடாது. மாமி சொன்னபடி, ராத்தா எழுந்திருக்கும் முன்பே நான் மேலே போய் அவள் பக்கத்தில் நின்றேன். சுவரில் உப்புக் கோடு என் நெஞ்சு உயரத்துக்கு வந்திருந்தது.

"ராத்தா, எந்திரி. வீட்டுக்குப் போவோம்."

இந்தத் தடவை அவள் கை இழுத்த இழுப்புக்கு வந்தது. அவள் எழுந்தாள், நான் உட்கார்ந்தேன். அவ்வளவுதான். உம்மா அவளைத் தாங்கிக்கொண்டு படியிறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் ராத்தாவின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. கீழே அவள் யாரிடமோ, "பசிக்கு," என்று சொன்னது கேட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளுடைய பழைய குரல்.

கார்க்கதவு சாத்தப்பட்டது. கார் போய்விட்டது.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். மடியில் கிடந்த என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உத்தரத்தில் ஒளி நெளிய ஆரம்பித்தது. என் கைமேலும் நெளிந்தது.

குளிர் முதலில் பாதத்தில் தொட்டது.

பிறகு கணுக்காலில்.

தரை காய்ந்துதான் இருந்தது. கண்ணால் பார்த்தேன், காய்ந்த தரை. ஆனால் பாவாடை விளிம்பு மிதந்து எழுந்து, முன்னும் பின்னும் அசைந்தது.

கடைசி ஜன்னலில் இருந்தவள் அங்கே இல்லை.

அடுத்த ஜன்னலில் இருந்தாள்.

நான் மூச்சுவிட்டேன். சத்தம் பின்வாங்கியது. நான் மூச்சு இழுத்தேன். சத்தம் வந்தது.

இன்னொரு ஜன்னல் நெருங்கியிருந்தாள்.

துப்பட்டி விளிம்பிலிருந்து சொட்டுகிற சத்தம். என் நாற்காலிக்குப் பின்னால். ஒரு கை என் தலைமேல் வந்து அமர்ந்தது. நெரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வகிட்டை நீவிவிட்டது. காய்ச்சலில் படுத்திருக்கும்போது ராத்தா நீவுவாளே, அந்த மாதிரி.

காதோரம் ஈரமாக ஒரு மூச்சு.

"இவ்வளவு நாளாவா உனக்கு?"

கை மறுபடியும் வகிட்டை நீவியது.

"என் தங்கச்சி வருவா, வருவான்னுதானே இருந்தேன்."

எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. பொழுதடைந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னபோது மாமி விளக்கோடு வாசல்படியில் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"பேசிட்டாளா?" என்றார்.

நான் தலையசைத்தேன்.

"எங்கிட்ட முப்பது வருசத்துல ஒரு வார்த்தை பேசல." அதில் பொறாமைகூட இருந்தது என்று நினைக்கிறேன். "தங்கச்சி வந்து கூட்டிட்டுப் போவா, இல்லைன்னா கூடவாச்சும் இருப்பான்னு சாவுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாளாம். அவ ஊர்ல அக்கா தங்கச்சி பிரியமாட்டாங்க, ஒரே வளவுக்குள்ள இருப்பாங்க. அவளுக்கு மருமக என்ன, யாரு பெத்த பிள்ளையோ. எங்களையெல்லாம் சும்மா அந்தத் தங்கச்சிக்குப் பதிலா வச்சிருந்தா. எனக்குத் தங்கச்சி இல்ல. எங்க மாமிக்கும் இல்ல."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ராத்தாவைப் பெண் பார்க்க வந்த அன்று இவர் நகை கேட்கவில்லை, படிப்பு கேட்கவில்லை. ஜூஸ் தட்டோடு நான் கதவோரம் நின்றேன். என்னைக் காட்டி, "இது யாரு, பொண்ணுக்குத் தங்கச்சியா?" என்றார். உம்மா ஆமாம் என்றாள். "ஒண்ணுக்கொண்ணு பிரியமா இருக்குமா?" என்றார். உயிரையே விடும் என்று உம்மா பெருமையாகச் சொன்னாள். அந்த இடத்திலேயே மாமி பூ வைத்துவிட்டார்.

"தெரிஞ்சுதான் கேட்டீங்களா மாமி?"

"எனக்கும் ஒரு பேரப்பிள்ளை உசுரோட வேணும்லாட்டி," என்றார். மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை அது. அழுகிற குரலும் இல்லை. "போய்த் துணிமணி எடுத்துட்டு வா. இன்னைக்கு ஒரு ராத்திரி நான் இருந்துக்கிடுதேன். காலையில வந்துரு. வரலைன்னா அவ ஒன்னைத் தேடி வருவா. ஒங்க வீட்டுல இப்பம் வயித்துப் பிள்ளைக்காரி இருக்கா, நினைப்பு வச்சுக்கோ."

நான் இறங்கும்போது அவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் ராத்தா மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். வீக்கம் வடிந்து கால் பழையபடி இருக்கிறது. ஒரு தடவைகூட இருமவில்லை. பிள்ளை உதைக்கிறது என்று என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். உதைத்தது. நல்ல உதை. அதுவே எனக்குப் போதும் என்று நினைத்தேன், அந்த நிமிடத்தில் மெய்யாகவே நினைத்தேன்.

"ஆணத்துல உப்பே இல்ல," என்றார் வாப்பா. உம்மாவும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, ஆமாம், மறந்துவிட்டேன் என்று உப்பு ஜாடியை நகர்த்தினாள். என்னால் ஒரு வாய்க்கு மேல் விழுங்க முடியவில்லை. அவ்வளவு உப்பு.

நான் துணி மடிக்கும்போது ராத்தா கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கட்டி போற?"

"உன் வீட்டுக்கு. நீ வார வரைக்கும் இருக்கதுக்கு."

"ஓ," என்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. பயம் இல்லை, ஞாபகம் இல்லை, ஒரு கேள்வியும் இல்லை. கொட்டாவி விட்டுக்கொண்டு, மாமியின் அதே நிதானமான குரலில் சொன்னாள்: "மேல் மாடியிலயே இருந்துக்கோ. ஒனக்குப் பிடிச்சுப்போகும்."

அவள் தூங்கிவிட்டாள். மூச்சு சீராக இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன். தலைமுடி காய்ந்திருக்கிறது.

நாளை செய்ய வேண்டியது: விடியற்காலையில் தொழுதுவிட்டு, தறி ஓட ஆரம்பிப்பதற்குள் அந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். மாமியைக் கைபிடித்துக் கீழே இறக்கிவிட வேண்டும். இனி வகுப்புக்கு வரமாட்டேன் என்று பொன்செல்வியிடம் போனில் சொல்ல வேண்டும்.